விரலிறுக்கம்

பீனியா இரண்டாம் கட்டம்,
பவுடர் கோட்டிங் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
வாடகை பதினோராயிரம்.
உள்ளே இரண்டு இருக்கை, ஒரு மூக்கு.
இறக்கைகள் சுவரோரம், பழைய போர்வைக்குள்.

இன்ஜின் ஏற்றிய நாள் எல்லோரும் வந்தார்கள்.
செயின் பிளாக்கில் அது தொங்கி இறங்கியபோது
பக்கத்து லேத்துக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
எண்ணெய்க் கையோடு தட்டினார்கள்.

குழாய் மாட்ட யாரும் வரவில்லை.
அது பார்க்கிற வேலை இல்லை.
தீத்தடுப்புச் சுவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே
முழங்கை போகாத இடத்தில்
கன்னத்தை உலோகத்தில் ஒட்டிக்கொண்டு
பல் டாக்டரின் கண்ணாடியில் பார்த்துச் செய்வது.

வந்தவள் டெல்பினா.
பகலெல்லாம் டயாலிசிஸ் பிரிவு.
எட்டு வருடமாகப் பிறர் ரத்தத்தை
வெளியே எடுத்து உள்ளே அனுப்புகிறவள்.
பெட்ரோல் போகும் வழியை விரலால் தடவி
"இங்கே மேடு" என்றாள்.
"மேட்டில்தான் குமிழி உட்காரும். இறக்கு."
கையேடு நான்கு பக்கம் படம் போட்டு
அதைத்தான் சொல்லியிருந்தது.

அலுமினியக் குழாயை
அளந்து, வளைத்து, தப்பாக வளைத்து,
வேறொன்றை வளைத்து,
வாயை முப்பத்தேழு பாகைக்கு விரித்து,
விரிசல் இல்லை என்று லென்ஸில் பார்த்து
நிமிர்ந்தால்
நட்டு மேசையில் இருக்கிறது.
வாய் விரிந்த குழாய்க்குள் நட்டு இனி நுழையாது.
வெட்டினால் குட்டை.
அப்படி ஐந்து.
ஆறாவதற்கு டெல்பினா ஒன்றும் சொல்லவில்லை,
நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

போனில் பூங்கோதை:
"ஆகாயத்துக்குக் குழாய் போடுகிறவரே,
சமையலறைக் குழாய் மூன்று வாரமாய்ச் சொட்டுகிறது.
தண்ணீர் வருவதே செவ்வாயும் வெள்ளியும்."

இறுக்கிய நட்டு ஒவ்வொன்றின் மேலும்
சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு,
நட்டில் தொடங்கிப் பக்கத்து உலோகத்தில் முடியும்படி.
"பொட்டா?" என்றான் பவுடர் கோட்டிங் பையன்.
இல்லை, சாட்சி.
நட்டு அசைந்தால் கோடு உடையும்.

சனிக்கிழமை ஓட்டப் பரிசோதனை.
முன் சக்கரத்தைச் சாலிட் பிளாக்குகளில் ஏற்றி
மூக்கை ஏறுமுகமாய் நிறுத்தி
கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டோம்.
நாடி பார்க்கிற கடிகாரத்தில் நிமிடம் எண்ணினாள்.
எழுநூற்று எண்பது மில்லி.
தேவைக்கு மேல்.
பிரியாணி வாங்கி, பெட்ரோல் வாசனைக் கையோடு தின்றோம்.

இரவு ஒன்றரை.
தூக்கத்துக்கு முன்னால் ஆடு எண்ணுவதுபோல
நட்டு எண்ணினேன்.
நாற்பத்தொரு நட்டு.
நாற்பது கோடு.
திரும்ப எண்ணினேன், பம்பிலிருந்து தொடங்கி.
நாற்பது.

தும்கூர் ரோட்டில் அந்த நேரத்திலும் லாரிகள்.
காவல்காரர் மரிகவுடா, "ஏன் சார், திருடனா?"
"பார்க்கணும்."

கழற்றிய அதே முனை.
விரலால் தொட்டேன்.
சுற்றியது.

எவ்வளவோ வருடம் கழித்து இல்லை,
முதல் தடவை முழு வேகம் கொடுக்கும்போது,
ஜக்கூர் ஓடுபாதை முடிகிற இடத்தில்,
அபார்ட்மென்ட் மொட்டைமாடித் துணிகளுக்கு நேர் மேலே.

டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றது.
கோடு போட்டேன். கை நடுங்கியதால் கோணல்.
கட்டுமான நோட்டில்
தேதி, மணி.
இறுக்கப்படாத நட்டு, ஒன்று.
மறந்தவர்: நான்.
இறுக்கியவர்: நான்.
சரிபார்த்தவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்,
காலையில் டெல்பினா வந்து தன் கையால் இழுத்துப் பார்க்கட்டும்.

வெளியே வந்தபோது
முதல் தண்ணீர் டேங்கர் போய்க்கொண்டிருந்தது,
பின்புற வால்வு சரியாக மூடாமல்
சாலை நெடுக ஈரக்கோடு போட்டுக்கொண்டு,
ஹாரன் அடித்துக்கொண்டு,
யாருக்கும் எதுவும் ஆகாமல்.